பொன் விளைந்த மண்ணில் உரிமை விளைந்ததா?

பொழுது புலர்வதற்கு முன்னரே மாரிகுப்பத்திலிருந்து புறப்படும் இரயில் வண்டி, சாம்பியன், ஊரிகம், கோரமண்டல் ஆகிய நிலையங்களில் நின்று நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு, பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூருக்குச் செல்லுகிறது. கையில் சோற்றுப் பாத்திரத்துடன் ஆண்களும் பெண்களுமாக முண்டியடித்து ஏறுகின்றனர். போவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல், வருவதற்கும் அவ்வளவே. சீசன் சீட்டுக்காக வரிசையில் நிற்பவர்களைச் சாளரத்தின் உட்புறமிருந்து பார்க்கும் இரயில்வே குமாஸ்தாவாகிய நமக்கு ஓர் எண்ணம் அடிக்கடி எழுவதுண்டு. பங்காருப்பேட்டையிலிருந்து மாரிகுப்பம் வரை உள்ள இந்தப் பத்து மைல் கிளைப்பாதை, 1894-ஆம் ஆண்டில், சுரங்கத்துக்கு வேண்டிய இயந்திரங்களையும் ஆட்களையும் ஊருக்குள் கொண்டுவருவதற்காகப் போடப்பட்டது. வேலை தேடி இவ்வழியே உள்ளே வந்தவர்களின் பேரன் பேத்திகள், இன்று வேலை தேடி இவ்வழியே வெளியே போகின்றனர். நூற்றிருபது ஆண்டுகள் பொன்னை அள்ளித் தந்த ஊரில், அப்பொன்னை வெட்டி எடுத்தவனின் பேரனுக்கு ஒரு வேலை இல்லாமற் போனது எவ்வாறு?

இக்கேள்வி நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. வளர்ந்து வரும் நாடுகள் அனைத்திலும் இது கேட்கப்படுகிறது. “முதலில் நாடு செல்வம் பெறட்டும், உழைப்பாளியின் வீடு, மருந்து, கல்வி, கூலி ஆகியவற்றைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம்” என்பர் ஒரு சாரார். “அவை பின்னர்ப் பார்க்கத்தக்க சலுகைகள் அல்ல, மனிதனுக்குரிய உரிமைகள்” என்பர் மற்றொரு சாரார். அறிஞர்கள் இதனை நூல்களில் வழக்காடட்டும். தங்கவயல்வாசிகளாகிய நாமோ அவ்வழக்கின் நேர் சாட்சிகள். நாம் கண்டதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

செல்வம் என்று சொல்லும் அளவுக்கு இங்கே என்ன இருந்தது என்பதை முதலில் பார்ப்போம். 1880-ஆம் ஆண்டில் இலண்டன் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்குக் காலூன்றினர். அடுத்த சில ஆண்டுகளில் சாம்பியன் ரீப், ஊரிகம், நந்திதுர்க்கம், மைசூர் என்னும் சுரங்கங்கள் பொன்னைக் கக்கலாயின. 1902-ஆம் ஆண்டில், காவிரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியில் மின்சாரம் எடுத்து, ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து, இவ்வயலுக்குக் கொண்டுவந்தனர். அந்நாளில் உலகிலேயே மிக நீண்ட மின்கம்பித் தொடர்களுள் அதுவும் ஒன்று. பெங்களூர் நகரத் தெருக்களில் மின்விளக்கு எரிவதற்கு மூன்றாண்டு முன்னரே இங்கு மின்சாரம் வந்துவிட்டது. பேத்தமங்கலத்தில் பாலாற்று நீரைத் தேக்கிக் குழாய் வழியே கொணர்ந்தனர். சாம்பியன் ரீப் சுரங்கம் நிலத்துக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்குச் சென்றது. சுரங்கங்கள் மூடப்படும் வரை இவ்வயலிலிருந்து எடுக்கப்பட்ட பொன் ஏறத்தாழ 800 டன். இதனைப் பொருளாதார முன்னேற்றம் என்று சொல்லாவிட்டால் வேறு எதனைச் சொல்வது?

இனி, அம்முன்னேற்றத்தைத் தோளில் சுமந்தவர்களைப் பார்ப்போம். வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து, பஞ்சமும் பண்ணையடிமைத்தனமும் துரத்த வந்த ஏழை மக்களே அவர்கள்; பெரும்பாலோர் ஊருக்குப் புறத்தே வைக்கப்பட்ட சேரி மக்கள். இங்கே மாதக் கூலி காசாகக் கிடைத்தது. பண்ணையாரின் கண்முன் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. அது பெரிய விடுதலை என்பதை நாம் மறுக்கவில்லை. நம் பாட்டன்மார் இவ்வூரை விட்டுத் திரும்பிப் போகாமற் போனதற்கு அதுவே காரணம். ஆனால் அவர்கள் குடியிருந்தவை மூங்கில் தட்டிகளால் ஆன குடிசைகள். சிவசமுத்திர மின்சாரம் வந்தது இயந்திரம் ஓட்டுவதற்கேயன்றிக் குடிசையில் விளக்கேற்றுவதற்கு அன்று. சமஸ்தானத்துக்கு ராயல்டியும், இலண்டன் பங்குதாரர்களுக்கு இலாபமும் தவறாமல் சென்றன. தொழிலாளிக்கு மட்டும் “பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம்” என்ற பதிலே கிடைத்தது.

அந்தப் “பின்னர்” எப்போது வந்தது என்பதற்குச் சிலிகோசிஸ் என்னும் நுரையீரல் நோயே சான்று. தங்கம் இருக்கும் வெண்கற்பாறையைத் துளைக்கும்போது எழும் நுண்ணிய தூசு, மூச்சோடு உட்சென்று நுரையீரலில் படிகிறது. படிந்த இடம் தழும்பேறி இறுகுகிறது. மூச்சு குறைகிறது, சயரோகம் எளிதில் தொற்றிக்கொள்கிறது. வேலையை விட்டுப் பல ஆண்டுகள் கழிந்த பின்னும் இந்நோய் வெளிப்படக்கூடும். வந்த தழும்பை நீக்க மருந்து இல்லை. மைசூர் சமஸ்தானம் சிலிகோசிஸ் நோய்க்கு நஷ்ட ஈடு வழங்கும் விதிகளை வகுத்தது 1940-ஆம் ஆண்டில். அதாவது கம்பெனியார் காலூன்றிய அறுபதாம் ஆண்டில். அதன் பின் 1940 முதல் 1946 வரை 7,653 தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது, ஐந்தில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவர்களிடம் நோயின் அடையாளம் காணப்பட்டது. விதி இல்லாத அந்த அறுபது ஆண்டுகளில் இருமி இருமி மாண்டவர்களை எக்கணக்கில் சேர்ப்பது? அவர்கள் நோயும் பொன்னைப் போலவே இம்மண்ணில் விளைந்ததுதான். பொன் எடை போடப்பட்டது, நோய் எண்ணப்படவில்லை.

உரிமை தானாகக் கனிந்து விழவில்லை என்பதற்கு மேலும் இரு சான்றுகள் உண்டு. 1930-ஆம் ஆண்டில், தொழிலாளர் ஒவ்வொருவரும் கைரேகை பதிந்து பெயர்ப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற ஏற்பாட்டை எதிர்த்து வயல் முழுவதும் வேலை நின்றது. திருடனிடம் எடுப்பதை உழைப்பவனிடம் எடுக்கலாமா என்பதே அவர்கள் கேள்வி; கூலி உயர்வைவிட மானத்தை அவர்கள் பெரிதாக நினைத்தனர். 1946-ஆம் ஆண்டில் பஞ்சப்படி முதலிய கோரிக்கைகளுக்காக எழுந்த பெரும் போராட்டத்தின்போது, நவம்பர் 4-ஆம் நாள் போலீசார் சுட்டதில் ஆறு தொழிலாளர்கள் உயிர்நீத்தனர். அவர்கள் நினைவை இன்றும் இவ்வூர் போற்றி வருகிறது.

கல்வியின் கதையும் இத்தகையதே. அயோத்திதாசப் பண்டிதர் நிறுவிய சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீப்பிலும் கிளைகள் இருந்தன. சுரங்கத்திலிருந்து ஏறி வந்த கை கால் அழுக்கைக் கழுவிவிட்டு மாலையில் படிக்க அமர்ந்த தலைமுறை அது. பண்டிதர் தொடங்கிய ‘தமிழன்’ இதழை, 1926-ஆம் ஆண்டு முதற்கொண்டு சில ஆண்டுகள், ஜி. அப்பாதுரையார் இவ்வயலிலிருந்தே நடத்தினார். கூலியில் மிச்சம் பிடித்துப் பத்திரிகை நடத்திய மக்கள் உலகில் பலர் இருக்க மாட்டார்கள். பள்ளியும் படிப்பகமும் செல்வம் பெருகிய பின் வந்தவை அல்ல. வறுமையிலேயே நம் முன்னோர் அவற்றை உண்டாக்கினர்.

நாடு விடுதலை பெற்ற பின், 1956-ஆம் ஆண்டில் மைசூர் அரசு சுரங்கங்களைத் தேசவுடைமை ஆக்கியது. 1962-ஆம் ஆண்டில் அவை நடுவண் அரசின் கைக்கு மாறின. 1972-ஆம் ஆண்டில் பாரத் தங்கச் சுரங்கக் கம்பெனி உருவாயிற்று. இக்காலத்தில் வாழ்வு ஒருவாறு நிமிர்ந்தது. மருத்துவமனை, பள்ளி, குடிநீர், மின்விளக்கு எல்லாம் சுரங்க நிருவாகத்தின் பொறுப்பில் நடந்தன. ஆயினும் உள்ளே ஒரு குறை வளர்ந்துகொண்டே வந்தது. தொடக்க காலத்தில் ஒரு டன் பாறையில் நாற்பது கிராமுக்கு மேல் கிடைத்த பொன், கடைசிக் காலத்தில் மூன்று, நான்கு கிராம் அளவுக்கு இறங்கியது. ஆழம் கூடக்கூடச் செலவும் கூடியது. அடிமட்டத்தில் பாறையின் வெப்பம் 60 பாகைக்கு மேல். பாறை வெடிப்புக்கு ஆளாகும் ஆபத்தும் மிகுதி. இத்துடன், 1960-களில் இங்கு எடுத்த பொன் சந்தை விலைக்கு விற்கப்படாமல், அவுன்சு ஒன்றுக்கு 35 டாலர் என்ற உலக நாணய நிதியக் கணக்கு விலைக்கே அரசின் கருவூலத்துக்குச் சென்றது. வெளியே கடைவீதியில் பொன்னின் விலை அதனினும் மிக அதிகம். ஆகவே ஏட்டில் எழுதப்பட்ட நஷ்டம் முழுவதும் மண்ணிலிருந்து வந்ததன்று. அதில் ஒரு பங்கு கணக்கு எழுதிய முறையிலிருந்து வந்தது. ஆனால் “நஷ்டத்தில் ஓடுகிறது” என்ற சொல் தொழிலாளியின் தலைமேல் விழுந்தது.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாளோடு சுரங்கங்கள் மூடப்பட்டன. மூவாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் ஒரே நாளில் வேலை இழந்தனர். அப்போது நாம் சிறுவர். ஷிப்டு மாறும் நேரத்துக்குச் சங்கு ஊதவில்லை. பெரியவர்கள் வாசற்படியில் அமர்ந்து சங்கு வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தனர். அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

இவ்விடத்தில் அன்பர்கள் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டுகிறோம். சுரங்கம் மூடியபோது எவை போயின, எவை நின்றன? 1952-ஆம் ஆண்டின் சட்டப்படி சேர்ந்த சேமநிதி நின்றது. 1972-ஆம் ஆண்டின் சட்டப்படி வரவேண்டிய பணிக்கொடை நின்றது. தாமதம் இருந்திருக்கலாம், அலைச்சல் இருந்திருக்கலாம், ஆனால் “உமக்கு உரியதில்லை” என்று எவரும் சொல்ல இயலவில்லை. மருத்துவமனையோ, மேலதிகாரிகளின் நல்லெண்ணத்தையும் சுரங்கத்தின் வருவாயையும் நம்பி நடந்தது. சுரங்கத்தோடு அதுவும் கதவடைத்தது. மூன்று தலைமுறை வாழ்ந்த லைன் வீடு, குடியிருப்பவன் பெயரில் எழுதப்பட்டதன்று. ஆகவே அவ்வீட்டுக்காக மனுமேல் மனு எழுத நேர்ந்தது. குடிநீரும் துப்புரவும் இனி யார் பொறுப்பு என்ற கேள்வி எழுந்தது. சுருங்கச் சொன்னால், சட்டத்தில் எழுதப்பட்டவை நின்றன; சலுகையாக வழங்கப்பட்டவை பொன்னோடு போயின. நாம் சொல்ல வந்த செய்தி முழுவதும் இவ்வளவே.

“ஏழை நாட்டில் இவற்றையெல்லாம் உரிமை என்று எழுதிவிட்டால் பணத்துக்கு எங்கே போவது?” என்று கேட்பர். நியாயமான கேள்விதான். வருவாய் இன்றி மருத்துவமனை நடவாது என்பதை நம்மினும் நன்கு அறிந்தவர் யார்? ஆனால் இவ்வயலில் வருவாய் மிகுந்திருந்த நாளிலும் தட்டிக் குடிசைதானே இருந்தது! வருவாய் வந்தால் உரிமை தானே வரும் என்பது உண்மையானால், 1902-ஆம் ஆண்டிலேயே நம் பாட்டன் வீட்டில் விளக்கு எரிந்திருக்க வேண்டும். வருவாய் வேண்டும், அவ்வருவாயில் இவனுக்கும் பங்குண்டு என்று கட்டளையிடும் எழுத்தும் வேண்டும். ஒன்று எண்ணெய் என்றால் மற்றது திரி; ஒன்றை விட்டு ஒன்று விளக்காகாது.

உலக நாடுகளும் இதனை ஒப்புக்கொண்டுள்ளன. 1966-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் உடன்படிக்கையில், பத்திரமான வேலைச் சூழல், உணவு, உடை, வீடு, உடல்நலம், கல்வி அனைத்தும் உரிமைகளாகவே கூறப்பட்டுள்ளன. ஏழை நாடு ஒரே நாளில் எல்லாவற்றையும் தர வேண்டும் என்று அது கேட்கவில்லை. தன்னிடமுள்ள வசதியில் இயன்ற மட்டும், படிப்படியாக, முன்னேறிச் செல்ல வேண்டும் என்றே கேட்கிறது. 1979-ஆம் ஆண்டில் இந்தியாவும் அதில் இணைந்தது. 1986-ஆம் ஆண்டின் வளர்ச்சி உரிமைப் பிரகடனமோ, வளர்ச்சியின் நடுநாயகம் மனிதனே என்கிறது. நம் அரசியலமைப்பின் நான்காம் பகுதியும் வேலை, கல்வி, வாழத்தக்க கூலி, நல்ல வேலைச் சூழல் ஆகியவற்றை அரசின் கடமையாக வைத்துள்ளது. அவற்றை நேரே நீதிமன்றத்தில் கேட்டுப் பெற முடியாது என்பது உண்மை. ஆயினும், பம்பாய் நடைபாதைவாசிகள் தொடுத்த வழக்கில், பிழைப்புக்கு வழியும் உயிர்வாழும் உரிமையுள் அடங்கும் என்று 1985-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்நார்த் தூசினால் நோயுற்ற தொழிலாளர் பற்றிய வழக்கில், உழைப்பாளியின் உடல்நலமும் அவ்வுரிமையுள் அடங்கும் என்று 1995-ஆம் ஆண்டில் கூறியது. எழுத்தில் இருப்பது இன்று பயன்படாவிடினும் ஒருநாள் பயன்படும் என்பதற்கு இவை சான்று.

நம்மைப் போலவே ஆழத்தில் பொன் எடுத்த மற்றொரு நாடு தென்னாப்பிரிக்கா. அங்கும் கறுப்பு மக்கள் தூசை விழுங்கி நோயுற்றனர். வெள்ளையர் ஆட்சி ஒழிந்த பின், 1996-ஆம் ஆண்டில் இயற்றிய அரசியலமைப்பில், வீடு, மருத்துவம், உணவு, நீர் ஆகியவற்றை நீதிமன்றத்தில் கேட்டுப் பெறத்தக்க உரிமைகளாகவே எழுதிவைத்தனர். சிலிகோசிஸ் நோயுற்ற சுரங்கத் தொழிலாளி, தன் கம்பெனியின் மீது வழக்குத் தொடரலாம் என்று 2011-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பயனாக 2018-ஆம் ஆண்டில் ஆறு சுரங்கக் கம்பெனிகள் உடன்பாட்டுக்கு வந்தன. 2019-ஆம் ஆண்டில் நீதிமன்றம் அதனை ஏற்றது. நோயுற்றவர்களுக்கும் மாண்டவர்களின் குடும்பத்தார்க்கும் வழங்குவதற்காக ஒதுக்கப்பட்ட தொகை 500 கோடி ராண்டு. தென்னாப்பிரிக்காவும் வளர்ந்து வரும் நாடுதான்.

நம் நாட்டிலும் 2015-ஆம் ஆண்டில் சுரங்கச் சட்டம் திருத்தப்பட்டு, ராயல்டி செலுத்துவோர் அதற்கு மேலும் ஒரு பங்கை மாவட்டக் கனிம நிதிக்குச் செலுத்த வேண்டும் என்றும், அந்நிதியைச் சுரங்கத்தால் பாதிக்கப்பட்டவர்களின் நலனுக்குச் செலவிட வேண்டும் என்றும் விதி வந்தது. நல்ல விதி. ஆனால் நம் வயல் மூடிப் பதினான்கு ஆண்டுகள் கழிந்து வந்த விதி. பழைய ராயல்டியில் நமக்கு அப்பங்கு கிடைக்கவில்லை.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. பாறையை மாவாக அரைத்து, சயனைடு நீரால் பொன்னைக் கரைத்தெடுத்த பின் கொட்டிய கழிவு மணல், பதின்மூன்று மேடுகளாக நம் ஊரைச் சூழ்ந்து நிற்கிறது. அளவு மூன்று கோடி டன்னுக்கு மேல். காற்றடிக்கும் காலத்தில் அத்தூசு சோற்றுப் பானை வரை வருவதை நம் தாய்மார் அறிவர். அம்மணலிலும் சிறிது பொன் எஞ்சியிருக்கிறது. அதனை மீண்டும் பிழிந்தெடுக்கும் நடுவண் அரசின் திட்டத்துக்கு, 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கருநாடக அமைச்சரவை இசைவு தெரிவித்தது. வேலை வரும் என்ற நம்பிக்கை ஊரில் எழுந்துள்ளது. நாமும் அதனை வரவேற்கிறோம். ஆனால் ஒருமுறை ஏமாந்தவர் இரண்டாம் முறை கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவற்றைக் கேட்க வேண்டும் அன்றோ?

மேட்டைக் கலைக்கும்போது எழும் தூசைத் தணிப்பதற்கு என்ன ஏற்பாடு? கிணற்று நீரையும் ஏரி நீரையும் யார், எத்தனை நாளைக்கு ஒருமுறை சோதித்து, முடிவை ஊரறிய ஒட்டுவார்கள்? வேலைக்கு எடுப்பவர்களில் வயல்வாசிகளுக்கு எத்தனை பங்கு? ஒப்பந்தக்காரரின் கீழ் வேலை செய்பவனுக்கும் மார்புப் படமும் மருத்துவச் சீட்டும் உண்டா? மாவட்டக் கனிம நிதிக்கு வரும் பணம் இவ்வூரிலேயே செலவாகுமா? மணல் தீர்ந்த பின் அந்நிலம் என்னாகும்? இவற்றுக்குரிய பதில்கள் மேடையில் பேசப்பட்டால் போதாது. ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். பொன் கையில் இருக்கும்போதுதான் பேரம். தீர்ந்த பின் வேண்டுகோள் மட்டுமே.

அன்பர்கள் தம் அளவில் செய்யத்தக்க காரியமும் ஒன்று உண்டு. நம் லைனில் வாழ்ந்த பெரியவர் ஒருவர், இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பாறை துளைத்தவர், மூச்சுத் திணறியே மாண்டார். அவர் சீட்டில் காசம் என்று மட்டுமே எழுதியிருந்தது. அவர் செய்த வேலை என்ன, எத்தனை ஆண்டு தூசில் நின்றார் என்று ஒரு வரி எழுதும்படி எவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவர் வீட்டார்க்கும் தெரியவில்லை. பின்னர் நஷ்ட ஈடு பற்றி ஒருவர் சொல்லக் கேட்டு அவ்வம்மையார் மனுவோடு சென்றபோது, கையில் காட்டுவதற்கு ஒரு காகிதமும் இல்லை. எனவே, வீட்டில் முதியவர் இருந்தால் அவருடைய வேலைப் புத்தகம், சம்பளச் சீட்டு, பழைய மார்புப் படம் எதனையும் வீசிவிடாதீர்கள். மருத்துவரிடம் செல்லும்போது, சுரங்கத்தில் வேலை செய்தவர் என்பதைச் சொல்லி எழுதி வாங்குங்கள். இன்று பெங்களூரில் ஒப்பந்த வேலை செய்யும் பிள்ளைகளும் தம் சேமநிதி எண்ணையும் நியமனக் கடிதத்தையும் கேட்டுப் பெற்று வைத்துக்கொள்ளட்டும். ஊர் மாறினாலும் விதி மாறவில்லை. அங்கும் எழுதப்பட்டதே நிற்கும்.

மாலை வண்டி ஊரிகத்தில் நிற்கும்போது இருட்டிவிடுகிறது. இறங்குபவர்களுக்கு எதிரே சயனைடு மேடு கருத்துத் தெரிகிறது. அம்மேட்டில் எஞ்சியிருக்கும் பொன் யாருக்குப் போகும் என்பதை அரசாங்கம் முடிவு செய்யும். அதற்கு ஈடாக இம்மக்களுக்கு எழுதித் தரப்படுவது என்ன என்பதை நாம் கேட்டாலன்றி எவரும் முடிவு செய்ய மாட்டார்கள். மேலே கூறிய கேள்விகளோடு தமக்குத் தோன்றும் கேள்விகளையும் சேர்த்து அன்பர்கள் நம் சங்கத்துக்கு எழுதி அனுப்புவார்களாக. அவற்றை ஒரே மனுவாகத் தொகுத்து, ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்னரே உரியவர்களிடம் சேர்ப்பிப்பது நம் கடமை.